இடது பார்த்த முதலை

மைதாப் பசையில் மயில்துத்தம் போடாவிட்டால் எறும்பு வந்துவிடும். சிவகாசிப் பக்கம் லேபிள் ஒட்டுகிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்லுவாள். ஒரு சட்டிப் பசைக்கு ஒரு சிட்டிகை துத்தம். பசை லேசாக நீலம் பாரிக்கும். அப்புறம் எறும்பும் அண்டாது, கரப்பானும் அண்டாது. பத்தொன்பது வருஷம் அச்சாபீஸில் இருந்த உனக்கு இது தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும் சார். ஆனால் பசை காய்ச்சுவது பெண்களுடைய வேலை. நான் என் ஆயுசில் ஒரே ஒரு தடவைதான் காய்ச்சினேன். அந்த ஒரு தடவையில் துத்தத்தை மறந்துவிட்டேன்.

வரிசையாகவே சொல்லிவிடுகிறேன். எழுதுகிறவருக்கும் சுலபமாக இருக்கும்.

என் பெயர் ரத்தினசாமி. அய்யாதுரை முதலாளிக்கு இரண்டு தொழில். சிவகாசியில் லேபிள் அடிக்கிற அச்சாபீஸ். ஏழாயிரம்பண்ணைக் காட்டுக்குள் பட்டாசுக் கம்பெனி. நான் அச்சாபீஸில் ஆர்ட்டிஸ்ட். படம் வரைவேன், பிளேட்டும் போடுவேன். கம்பெனியில் போர்மேன் கருப்பணன். நானும் அவனும் ஒரே தெரு, பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. என் தங்கச்சி பொன்னுத்தங்கம், புருஷன் செத்தபிறகு என்னோடு வந்து இருப்பவள், கருப்பணனிடம்தான் வேலை பார்த்தாள். குழாயில் மருந்து அடைக்கிற வேலை. எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் வெடிமருந்துதான். காய்ச்சலுக்குக் கொடுப்பதை மாத்திரை என்போம்.

விஷயம் ஒரு முதலைக்குட்டியில் ஆரம்பித்தது.

இரண்டாயிரத்து நான்கு, கோடை லீவு. முதலாளியின் பேத்தி பிரீத்திகா சென்னையிலிருந்து வந்திருந்தாள். ஒன்பது வயசு. கையில் சோப்பு டப்பா அளவில் ஒரு கேம் பெட்டி. விளையாட்டின் பெயர் ‘கிமோரா’. காட்டிலும் குளத்திலும் திரிகிற விசித்திர ஜந்துக்களைப் பிடித்துச் சேர்க்க வேண்டும், சண்டைக்கு விட்டு வளர்க்க வேண்டும். நூற்றைம்பது ஜந்து இருந்தும் அவளுக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ‘குரோபு’ என்ற முதலைக்குட்டி. பச்சை உடம்பு, மஞ்சள் வயிறு, ஜாங்கிரி மாதிரி சுருண்ட வால், உடம்பில் பாதி வாய்.

சண்டை ஜெயிக்க ஜெயிக்க அது பெரிய முதலையாக மாறப் பார்க்கும். திரை மினுங்கும். அந்த நேரத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் மாறாமல் நின்றுவிடும். பிரீத்திகா ஒவ்வொரு தடவையும் அழுத்தினாள்.

“பெருசா ஆக விடலாம்ல பாப்பா?” என்றேன்.

“ஆனா கடிச்சிரும் அங்கிள். குட்டியா இருந்தாதான் நம்ம பேச்சு கேக்கும்.”

முதலாளி அந்தத் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். “ரத்தினம், இத அப்படியே வரைஞ்சுரு. இந்த வருஷம் சின்னப் புஸ்வாணத்துக்கு இதாம் லேபிள்.”

திரையில் அந்த முதலை என் கட்டைவிரல் நகம் அளவு. அதையும் புள்ளி புள்ளியாகத்தான் காட்டும். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். விளையாட்டில் அதற்கு மேல்வாயில் இரண்டு பல். நான் மூன்றாவதாக ஒன்று வைத்தேன், கொஞ்சம் கோணலாக, சிரிக்கிற மாதிரி. பிரீத்திகா பார்த்த உடனே கண்டுபிடித்துவிட்டாள்.

“அங்கிள், குரோபுக்கு ரெண்டு பல்லுதான்.”

“இது சிவகாசிக் குரோபு பாப்பா. மூணு.”

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மற்றதெல்லாம் எவனோ வெளிநாட்டுக்காரன் போட்டது, நான் பார்த்து எழுதியது. அந்தப் பல் மட்டும் என்னுடையது. அதற்குமுன் உலகத்தில் யாரும் அதை வரைந்ததில்லை. இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தத் தீபாவளிக்கு ‘முதலைக்குட்டி’ புஸ்வாணம் போன போக்கில் மெஷினை நிறுத்த முடியவில்லை. பிள்ளைகள் கடையில் பெயர் சொல்லிக் கேட்கவில்லை, முதலையைக் கையைக் காட்டித்தான் கேட்டார்கள். கம்பெனியில் மருந்து கலக்குகிற சுடலை என்னைப் பார்த்தால் ஒரு கும்பிடு போடுவான். அவன் வாய்க்குப் பூட்டு கிடையாது.

“அண்ணே, மொதலைக்கும் மொதலாளிக்கும் என்ன வித்தியாசம் சொல்லுங்க.”

“நீயே சொல்லுலே.”

“மொதலைக்கு மூணு பல்லு. மொதலாளிக்குக் கட்டுன செட்டு. வாய் ரெண்டுக்கும் மூடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பத்தொன்பது வருஷத்தில் அந்த நாலைந்து மாசம்தான் ஆட்கள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட காலம். அதுவரை நான் ‘ஆபீஸ்காரர்’.

அடுத்த தையில் ஒரு தப்பு நடந்தது. புஸ்வாணத்தின் தலையில் ஒட்டுகிற வட்ட வில்லை, ஒரு ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிது. அதில் முதலை மட்டும்தான், எழுத்துக் கிடையாது. எழுத்து இருந்திருந்தால் என் கண்ணுக்குத் தப்பியிருக்காது. பிளேட் போடுகிறவன் எழுத்தைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி திருப்பியும் படிப்பான், நேராகவும் படிப்பான். வெறும் முதலைக்கு நேர் எது, திருப்பல் எது? பாசிடிவ் பிலிமைப் புறம் திருப்பிப் போட்டுவிட்டேன். வலது பார்க்க வேண்டிய முதலை இடது பார்த்துவிட்டது. நாலாயிரம் ஷீட் ஓடி முடிந்த பிறகுதான் தெரிந்தது. என் ஒரே தப்பு.

கருப்பணன் லேபிள் எடுக்க வந்தவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தான். சொன்னேன்.

“ஏலே, இதுக்கா மூஞ்சிய இப்படித் தொங்கப் போட்டுருக்க? மொதலாளிக்குத் தெரியாம நான் அள்ளிட்டுப் போயிருதேன். எனக்கு ஒரு சோலிக்கு ஆகும்.”

அள்ளிக்கொண்டு போனான். நல்லது செய்தான் என்றுதான் நானும் அப்போது நினைத்தேன்.

அவன் சொன்ன சோலி இது. கலந்த மருந்தை டப்பா டப்பாவாக வைத்திருப்பார்கள். எந்த டப்பா நல்லது, எது ஈரம் பட்டது, எது கழிக்க வேண்டியது என்று மூடியில் எழுதிப் போட்டால் படிக்க ஆளில்லை. சாக்பீஸ் கோடு கைபட்டு அழியும். கருப்பணன் என் இரண்டு முதலைகளையும் எடுத்துக்கொண்டான். நல்ல மருந்து டப்பா மூடியில் வலது பார்த்த முதலை. கெட்டுப்போன டப்பா மூடியில் இடது பார்த்த முதலை. கையெழுத்துப் போடத் தெரியாத சுடலைக்குக்கூட ஒரே நாளில் பிடிபட்டுவிட்டது. வலது பார்த்தால் எடு, இடது பார்த்தால் விடு.

நல்ல ஏற்பாடு. நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆட்களுக்கு எதற்கும் ஒரு பேர் வேண்டும். ‘இடது பார்த்த முதலை ஒட்டின டப்பா’ என்று எவன் முழுசாகச் சொல்லுவான்? தப்பாக அடித்தது நான்தான் என்று கருப்பணன் ஏதோ பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறான். சுடலை அதைப் பிடித்துக்கொண்டான். கெட்ட டப்பாவுக்கு ‘ரத்தினம்’ என்று பேர் வைத்துவிட்டான்.

எனக்கு முதலில் தெரியாது. பங்குனி மாசம் ஒருநாள் பொன்னுத்தங்கம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: “இன்னைக்கு ஒரே ரோதன. நாலு டப்பா ரத்தினம் ஆயிருச்சு.”

“என்ன ஆயிருச்சு?”

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சொல்லத்தான் வேண்டியிருந்தது. “கோவப்படாதீகண்ணே. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றது. அந்த டப்பாவ வெறுங்கையால தொடக்கூட விடமாட்டாரு போர்மேன் அண்ணன். ரத்தினத்துகிட்டப் போகாத, ரத்தினத்த வெயில்ல வைக்காதன்னு ஒரே சத்தம்.”

தொடக்கூட விடமாட்டானாம். அன்றைக்கு நான் கை கழுவிவிட்டு எழுந்துவிட்டேன். அவள் ரசத்தை மூடிவைத்தாள்.

ஒரு வார்த்தை எவ்வளவு தூரம் போகும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்? கம்பெனி வேனில் ஏறியது. வேன் போகிற ஊரெல்லாம் இறங்கியது. சித்திரையில் பஸ் கண்டக்டர் கிழிந்த நோட்டைத் திருப்பிக் கொடுக்கிறான்: “இது ரத்தினம், வேற குடுங்க.” ஆனியில் முதலாளியே, என்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, போனில் கேட்கிறார்: “என்ன கருப்பணா, இன்னைக்கு ரத்தினம் எத்தன?” கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தோன்றவில்லை. என் பெயர் அது என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

கடைசியில் ஏழாயிரம்பண்ணை விலக்கில் ஒரு டீக்கடை. அவன் என்னை முன்னேபின்னே பார்த்ததில்லை. வடைத்தட்டில் கை வைத்தேன். “அண்ணாச்சி, அத எடுக்காதீக, ரத்தினம். புதுசா போட்டுத் தாரேன்” என்றான்.

“ஏம்ப்பா, ஊசிப்போனதுக்கு ஏன் ரத்தினம்னு சொல்றீங்க?”

அவன் யோசித்துப் பார்த்தான். “தெரியல அண்ணாச்சி. இங்கன எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக.”

நான் அந்த வடையையே எடுத்துத் தின்றேன். ஒன்றும் செய்யவில்லை. லேசாகப் புளிப்பு, அவ்வளவுதான்.

கருப்பணனிடம் சொல்லிப் பார்த்தேன். சொல்லவில்லை என்று யாரும் பேசக்கூடாது. வேலை முடிந்து வேனுக்கு நின்றபோது நேராகவே கேட்டேன்: “கருப்பணா, அந்தப் பேர நிப்பாட்டச் சொல்லு.”

அவன் என் தோளில் கை போட்டான். “போலே. அந்தப் பேரச் சொன்னாத்தான் பயலுக பயந்து ஒதுங்குறானுக. ‘ரத்தினம்’னு ஒரு சத்தம் குடுத்தா மொத்த ஷெட்டும் கைய எடுத்துருது. எம்புட்டு உசுரக் காப்பாத்துது தெரியுமா உம் பேரு?”

அது அவனுக்கு வேடிக்கை. அவன் பெயரை எதற்கும் யாரும் வைக்கவில்லையே. நான் யோசித்தேன். நிதானமாகத்தான் யோசித்தேன், கோபத்தில் எதுவும் செய்கிறவன் இல்லை நான். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு டப்பா, அவர்கள் ரத்தினம் என்று ஒதுக்குவது வலது பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும்? சுடலை எடுத்துக் கலந்துவிடுவான். லாட் முழுக்க நமத்துப்போகும். புஸ்வாணம் புஸ்ஸென்று அணையும். கருப்பணனின் முதலைக் கணக்கு கேலிக்கூத்தாகும். முதலாளி திட்டுவார், மூடியிலிருந்து படத்தைக் கிழித்துப் போடச் சொல்லுவார். பெயரும் அதோடு போய்விடும். இவ்வளவுதான் என் திட்டம். குட்டியான திட்டம். பெரிதாக ஆகவிடும் எண்ணம் எனக்கு இல்லை.

ஆவணி மாசம், சீசன் சூடு. கெட்ட டப்பாக்களை ஒதுக்கி வைக்கிற தனி ஷெட்டுக்கு அந்த வாரம் தகரம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் எல்லா டப்பாவும் கலக்குகிற அறைக்கு வெளியே ஒரே வரிசையில் இருந்தது. இதைச் சொன்னது பொன்னுத்தங்கம். அவள் எதற்காகவும் சொல்லவில்லை, சும்மா ஊர்க்கதை மாதிரி சொன்னாள். அந்த வாரத்தில்தான் நான் செய்ய வேண்டியிருந்தது.

வியாழக்கிழமை காலையில் அவள் வேனுக்குப் போன பிறகு, காப்பிச் சட்டியில் இரண்டு ஸ்பூன் மைதாவைக் கரைத்து அடுப்பில் வைத்தேன். கட்டி தட்டாமல் வந்தது. அதைப் பிலிம் ரோல் வருகிற கறுப்பு டப்பியில் ஊற்றி மூடினேன். சட்டியைக் கழுவிக் கவிழ்த்தேன். கைப்பிடி இடுக்கில் கொஞ்சம் காய்ந்து ஒட்டியிருந்ததை நான் கவனிக்கவில்லை. சட்டைப் பையில் ஒரே ஒரு வில்லை, வலது பார்த்தது, மூன்று பல்லும் சுத்தமாக விழுந்த நல்ல பிரதி. மோசமான பிரதியை எடுத்துக்கொண்டு போக எனக்கு மனசு வரவில்லை.

லேபிள் லோடோடு மத்தியானம் கம்பெனிக்குப் போனேன். எல்லோரும் வேப்பமர நிழலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கருப்பணன் கூப்பிட்டான். “வாலே, வாலே. உக்காரு. நெத்திலிக் கருவாடு.”

“கட்டு எறக்கி வச்சுட்டு வாரேன்” என்றேன்.

லேபிள் அறைக்குப் போகிற வழியில்தான் டப்பா வரிசை. நான் நிற்கக்கூட இல்லை, குனிந்து செருப்பைச் சரி செய்கிற நேரம்தான் ஆனது. இடது பார்த்த ஒன்றின் மேல் வலது பார்த்ததை வைத்து அழுத்தினேன். ஓரம் ஓரமாகப் பொருந்தியது. இரண்டும் நான் வரைந்தது, பொருந்தாமல் போகுமா? அப்புறம் போய்க் கை கழுவிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன் பங்குக் கருவாட்டில் பாதியை என் இலைக்குத் தள்ளினான்.

பத்திரகாளி என்று ஒரு பொம்பளை, பேக்கிங் ரூமில் வேலை, என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். “ஆபீஸ்கார அண்ணே, எம் மக உங்க மொதலைய வெட்டி வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கா. அம்புட்டு ஆச அதுமேல” என்றாள்.

“ரெண்டு பக்கமும் பாக்குறதா?”

“ஐயய்யோ. வலது பாக்குறது மட்டுந்தான். இன்னொண்ணத்தான் சேத்துக்க மாட்டேங்குறாளே. ரத்தினம் வேண்டாங்குறா.”

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பணன் மட்டும் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது என்னைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

“லே, அன்னைக்கு நீ சொன்னத நெனச்சுப் பாத்தேன். மனசுக்குக் கஷ்டமாப் போச்சு. மொதலாளிகிட்டப் பேசிட்டேன். அடுத்த சீசன் லேபிள்ல ஓரத்துல ‘படம்: ரத்தினசாமி’ன்னு உம் பேரப் போடச் சொல்லிருக்கேன். சரின்னுட்டாரு. அப்புறம் எவன் எதச் சொன்னா என்ன?”

நான் தலையாட்டினேன். நல்ல யோசனை. ஆனால் பசை காய்ந்திருக்கும். காய்ந்த வில்லையை உரித்தால் கிழியும், மூடியில் பாதி நிற்கும், யார் செய்தது என்று கேள்வி வரும். பிரீத்திகாவின் பட்டனை நீங்கள் நினைக்கிறீர்கள் போல. எனக்கும் நினைவு வந்தது. சிவகாசிக்குத் திரும்பியபிறகு கருப்பணனுக்குச் சொல்லிவிடலாமா என்று ஆபீஸ் எதிரில் இருக்கிற காயின் பாக்ஸ் போன் வரைக்கும் போனேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். ஒரு லாட் வீணாகப் போவதற்காக வரிசையில் நிற்பதா என்று வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பொன்னுத்தங்கம் வேலைக்குப் போகவில்லை. ரேஷனில் சீனி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டேன், வாங்கி வை என்று நிறுத்தினேன். அவள் இடம் கலக்குகிற அறைக்கு அடுத்த அறை. அடைக்க ஆள் குறைந்ததால் பத்திரகாளியைப் பேக்கிங்கிலிருந்து கூப்பிட்டு அங்கே உட்கார வைத்திருக்கிறார்கள். இது எனக்கு எப்படித் தெரியும்? அவர்களாகச் செய்தது அது.

பத்து மணி இருக்கும். நான் பிளேட் கழுவிக்கொண்டிருந்தேன். ஏழாயிரம்பண்ணைச் சத்தம் சிவகாசிக்குக் கேட்காது. போன் மணிதான் கேட்டது. முதலாளி ரிசீவரைப் பிடித்தபடியே நாற்காலியில் சரிந்ததைப் பார்த்தேன். கை துடைத்துக்கொண்டு போய் அவருக்குத் தண்ணீர் கொடுத்தேன்.

கருப்பணன், சுடலை, பத்திரகாளி. மூன்று பேர். பக்கத்தில் இருந்து தப்பித்தவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் ஒரே மாதிரி சொன்னார்கள். சுடலை ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில், “ரத்தினம்லே! ரத்தினம்! ஓடுங்க!” என்று அலறினான். கருப்பணன் வெளியே நின்றவன், ஆட்களை இழுத்து வெளியே தள்ளிவிட்டு உள்ளே ஓடினான். அப்புறம் வெடித்தது.

உங்கள் ஸ்டேஷன் ஆட்கள் அந்த வார்த்தையைக் கேட்டுத்தான் அன்றைக்குச் சாயங்காலமே என் வீட்டுக்கு வந்தார்கள். சாகிறவன் பெயர் சொல்லியிருக்கிறான் என்று நினைத்தார்கள். நியாயம்தான். நான் அவர்களை உட்கார வைத்து, ரத்தினம் என்றால் என்ன அர்த்தம் என்று விளக்கினேன். கெட்ட டப்பா, ஊசின வடை, கிழிந்த நோட்டு. கம்பெனி ஆட்கள் அத்தனை பேரும் ஆமாம் என்றார்கள். ஏட்டய்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். “மன்னிச்சிருங்கய்யா, பேரு ஒண்ணா இருந்ததால வந்துட்டோம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பெயரால் எனக்கு நடந்த ஒரே நன்மை அதுதான்.

மூன்றாம் நாள் நீங்கள் வந்தீர்கள். பக்கத்துப் பருத்திக் காட்டில் போய் விழுந்திருந்த மூடிகளைப் பொறுக்கி வந்து பெஞ்சில் பரப்பினீர்கள். ஏழு மூடி. எல்லாவற்றிலும் முதலை கருகியும் கருகாமலும் ஒட்டியிருந்தது. ஆறு மூடி சும்மா கிடந்தது. ஒன்றில் மட்டும் எறும்பு. முதலையின் ஓரம் முழுக்க அரித்துவிட்டு வாய்க்குள் போய்வந்துகொண்டிருந்தது. அரித்த இடத்தில் கீழே இன்னொரு முதலை தெரிந்தது, இடது பார்த்தபடி. நீங்கள் அதிகமாக ஒன்றும் கேட்கவில்லை. அங்கே நின்ற பெண்களிடம், “இதுல மட்டும் ஏம்மா எறும்பு?” என்றீர்கள்.

“துத்தம் போடாத பச சார். கம்பெனிப் பச இல்ல, வீட்டுல காச்சுனது” என்றாள் ஒருத்தி.

பொன்னுத்தங்கம் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள். மூடியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். வியாழக்கிழமை சாயங்காலம் காப்பி போட எடுத்தபோது சட்டிக் கைப்பிடியில் எறும்பு இருந்ததாகவும், என்னத்த ஒட்டிக் கிடக்கு என்று நகத்தால் சுரண்டியதாகவும் உங்களிடம் அவள் சொல்லியிருக்கிறாள். என்னிடம் அதைச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டு வேறு ஒன்றுதான் கேட்டாள்.

“என்னைய எதுக்குண்ணே வெள்ளிக்கிழம போகவிடல?”

“ஒனக்குத் தலவலின்னு சொன்னியே.”

“நான் சொல்லல. நீங்கதான் ரேஷனுக்குப் போகச் சொன்னீக. கட பூட்டிக் கெடந்துச்சு.” செருப்பைக்கூடக் கழற்றவில்லை. “பத்திரகாளி மக அங்கன மூடிகளப் பாத்துக்கிட்டே நின்னாண்ணே. அவ நோட்டுல ஒட்டிருக்குற மொதலையாம்.”

அப்புறம் உள்ளே வரவே இல்லை. நேராக உங்களிடம் வந்துவிட்டாள். நான் அவளைக் குறை சொல்லமாட்டேன். அவளுக்குச் சின்ன வயசிலிருந்தே பொய் வராது.

முன்னால் எழுதியதை இப்போது வாசித்துக் காட்டினீர்கள். ஓரிடத்தில் சீனி, ஓரிடத்தில் தலைவலி என்று இருக்கிறதாம். உண்மையில் வேனில் கூட்டமாக இருக்கும் என்றுதான் நிறுத்தினேன். சீசனில் இருபது பேர் ஏறுகிற வேனில் முப்பது பேர் போவார்கள். இதெல்லாம் சின்ன விஷயம் சார், எதையாவது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லை ஒட்டியது நான். பசை காய்ச்சியது நான். அதையெல்லாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன். என் பெயரை முழுசாக, ரத்தினசாமி என்றே எழுதச் சொல்லுங்கள், ரத்தினம் என்று வேண்டாம். ஆனால் ஈரம் பட்ட மருந்து உள்ளுக்குள் சூடேறி வெடிக்கும் என்று எனக்குத் தெரியும் என்று மட்டும் எழுதாதீர்கள். நான் படம் வரைகிறவன். மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? அது நமத்து அணைந்துபோகும் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். நீங்களே யோசித்துப் பாருங்கள். வெடிக்கும் என்று தெரிந்திருந்தால், கூடப் பிறந்தவளை அன்றைக்கு நான் வேலைக்கு அனுப்பியிருப்பேனா?